ஐந்தாவது பெட்டியின் அடிப்பலகை

கேப்டன் துரையின் பங்களா வராந்தாவில், நான் செய்து கொடுத்த நான்காவது பெட்டியை இரண்டு கிளிகள் தின்றுகொண்டிருந்தன. தின்றன என்பது சரியில்லை. கடித்துப் பிய்த்துத் துப்பிக்கொண்டிருந்தன. முன்பலகை முழுதும் போய்விட்டது. ஆண் கிளி பெட்டிக் கூரைமேல் உட்கார்ந்து, தன் காலுக்கு அடியிலிருந்த பலகையையே உரித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தானும் சேர்ந்து விழப்போகிறோம் என்பது அதற்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

துரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“மாணிக்கம்,” என்றார். “இன்னும் ஒண்ணு.”

“சரிங்க தொர.”

முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். எவ்வளவு சந்தோஷம் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கப்பட வேண்டியதையும் எழுதுவதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் முதல் வாரமே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

கீறல் இல்லாத உடம்பு

பாறை வெடித்து நான் இடுப்புவரை புதைந்து கிடந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆழத்தில் இருக்கும் பாறை சில சமயம், யாரும் வெடி வைக்காமலே, தானாகப் பீரங்கிபோல் வெடிக்கும். மேலே கூலியாட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அடுக்குப் பானை உருளும். கீழே இருப்பவர்களுக்குப் பானை உருளுவதைப் பற்றிக் கவலைப்பட அவகாசம் இருக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயம். நானும் என் கூட்டாளி அந்தோணியும் சுரங்கத்துக்குள் மரம் நிறுத்துகிறவர்கள். தலைக்குமேல் பாறை இறங்காமல் கட்டை முட்டுக் கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்குவது எங்கள் வேலை. அன்று எங்களோடு இருந்த வேலு இறந்துபோனான். அரை ஷிப்டு நேரம் நான் அவன் பக்கத்தில் கல்லுக்குள் நின்றிருந்தேன். என்னைத் தோண்டி எடுத்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அதுதான் தொந்தரவாகப் போயிற்று. கால் ஒடிந்தவனைப் பார்த்து ‘இன்னும் ஏன் வேலைக்குப் போகவில்லை’ என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாம் நாள், ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டுக்குப் போனேன். ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு, கேஜ், மேலே வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். என் கால் ஏறவில்லை. வலது கையால் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேர் எழுதுகிறவர் அதைப் பார்த்துவிட்டு, “இன்னாபா, கை நோவுதா?” என்று கேட்டார்.

“ஆமாங்க,” என்றேன்.

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குத் துணி சுற்றி, இரண்டு வாரம் மேலே லேசான வேலை என்று எழுதிக் கொடுத்தார்கள். தச்சுக் கொட்டகைக்கு அனுப்பினார்கள்.

துரையின் தமிழ்

இரண்டு வாரம் முடிகிற நேரத்தில்தான் கேப்டன் துரை கொட்டகைக்கு வந்தார்.

கேப்டன் என்றால் பட்டாளத்துக் கேப்டன் இல்லை. சுரங்கத்தில் ஒரு பகுதிக்கு மேலதிகாரி. எங்கள் கேப்டன் சிவந்த முகமும் கட்டைக் கழுத்துமாக இருப்பார். தமிழ் பேசுவார். அதை அவர் பூமிக்குக் கீழே, கூலியாட்களிடமிருந்து கற்றுக்கொண்டார். ஆகையால் அவருடைய தமிழில் பாதி கட்டளை, மீதி வசவு. ஒருமுறை பாதிரியாரின் மனைவியைத் தமிழில் நலம் விசாரித்திருக்கிறார். அந்த அம்மாள் அதற்கப்புறம் அவரைக் கண்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு போவார்.

நம் ஊருக்கு வருமுன் அவர் ஆஸ்திரேலியாவில் வேறொரு தங்கச் சுரங்கத்தில் இருந்தாராம். அங்கிருந்து ஒரு ஜோடி கிளி கொண்டுவந்திருந்தார். நம் பச்சைக்கிளியை நினைக்கக் கூடாது. இவை சேவல் அளவு. உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் மஞ்சள் கொண்டை. கோபம் வந்தால் கொண்டை விசிறிபோல் விரியும். மூக்கு, ஆணி பிடுங்கும் குறடு. கத்தினால் ஷிப்டுச் சங்கு ஊதிவிட்டதென்று ஆட்கள் சோற்று வாளியைத் தூக்குவார்கள்.

அந்த ஜோடி குஞ்சு பொரிக்க வேண்டும் என்பது துரையின் ஆசை. அதற்கு முந்தின வருஷம் பெண் கிளி கூண்டின் தரையில் முட்டையிட்டு, அது உருண்டு உடைந்துவிட்டது. துரை இரண்டு நாள் யாரையும் திட்டாமல் இருந்தார். அதனால்தான் சுரங்கம் முழுக்க விஷயம் தெரிந்தது.

“பெட்டி வேணும். மரப்பொந்து மாதிரி,” என்றார் என்னிடம். “நீ செய். கீழ போக வேணாம். பெட்டி முடியற வரைக்கும் இங்க.”

பெட்டி முடியும்வரை இங்கே. அந்த வார்த்தையை வைத்து நான் ஐந்து மாதம் ஓட்டினேன்.

மோசமாகச் செய்வது எப்படி

முதல் பெட்டியை நான் நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். டைனமைட் வந்திறங்கும் பெட்டிகளின் பலகை கொட்டகையில் குவிந்து கிடக்கும். வெள்ளைத் தேவதாரு, இழைக்க வெண்ணெய். அதில் அடித்துக் கொடுத்தேன். கிளிகளுக்கும் அது வெண்ணெயாகத்தான் இருந்தது. நான்கு நாளில் முடித்துவிட்டன. அபாயம் என்று இங்கிலீஷில் அச்சடித்த துண்டு மட்டும் கடைசிவரை தொங்கியது.

அந்த நான்கு நாளில் எனக்குத் தேவையானது எல்லாம் தெரிந்துவிட்டது. கிளியால் நடுப்பலகையைக் கடிக்க முடியாது, மூக்குக்குப் பிடி வேண்டும். விளிம்பிலும், வாசலின் ஓரத்திலும், இரண்டு பலகை சேரும் இடத்திலும்தான் ஆரம்பிக்கும். அந்த இடங்களை மூடிவிட்டால் பெட்டி நிற்கும். என் அப்பா குடியாத்தம் பக்கத்தில் வண்டிச்சக்கரம் செய்தவர். எனக்கு இது பெரிய வித்தை இல்லை.

நிற்கிற பெட்டியைச் செய்து கொடுத்தால் மறுநாள் நான் கேஜில் ஏற வேண்டும்.

இரண்டாவது பெட்டியில் வாசலை வேண்டுமென்றே கூர்விளிம்பாக விட்டேன். மூன்றாவதில் பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற சந்து. நான்காவதன் கூரையில் ஒரு சட்டத்தைத் துருத்திக்கொண்டு நிற்கவிட்டேன், கிளி வந்து பிடித்துக்கொள்ளத் தோதாக. தெரிந்த வேலையைத் தெரியாதவன்போல் செய்வது சுலபமில்லை. கை தானாகச் சரியாகச் செய்துவிடும். கவனமாக இருக்க வேண்டும்.

கொட்டகை மேஸ்திரி என் வேலையைப் பார்த்து, பாறை வெடித்ததில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். என்னிடம் அன்பாகப் பேச ஆரம்பித்தார்.

வீட்டில் அப்படி இல்லை. என் மனைவி செல்லம்மா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“இன்னும் கை நோவுதா?”

“நோவுது.”

“எந்தக் கை?”

வலது கையை நீட்டினேன். துணி இடது கையில் சுற்றியிருந்தது. அவள் இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு குழம்பை ஊற்றினாள்.  இன்னும் கேட்டிருக்கலாம்.

அந்தோணி ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் எங்கள் லைனுக்கு வருவான். செல்லம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான். அவன் கிறிஸ்தவன், நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். வயிற்றுக்கு அது தெரியாது.

“உன் எடத்துல ஒருத்தன போட்டுகீறாங்க,” என்றான் ஒரு ஞாயிறு. “நல்ல பையன்தான். ஆப்ப எந்தப் பக்கம் அடிக்கணும்னு மட்டும் தெரியல.”

“கத்துக்குவான்.”

“கத்துக்குவான். அதுக்குள்ள நான் இருப்பனான்னு தெரியல.” சிரித்தான். “நீ அவசரப்படாத. கை ஆறட்டும்.”

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது

ஐந்தாவது பெட்டிக்குத் துரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். தடித்த பலகை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். மூலைக்குத் தகடு அடிக்கச் சொன்னார், அடித்தேன். யாரோ கூப்பிட்டு அவர் எழுந்து போன நேரத்தில் அடிப்பலகை வேலை வந்தது.

ஒற்றை டைனமைட் பலகையை வைத்து, ஆறு ஆணிகள் அடிக்க வேண்டிய இடத்தில் மூன்று அடித்தேன். உள்ளேயிருந்து கிளி கிளறிக் கடித்தால் ஒரு மாதத்தில் அடி கழன்று விழும். இன்னொரு பெட்டி, இன்னும் ஒரு மாதம். என் கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கில் கிளி முட்டையிடும் என்பது இல்லை. பெட்டி எதற்காகச் செய்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மூன்றாம் வாரம் துரையின் மனைவி துரைசானி கொட்டகைக்கே வந்து சொன்னார். இரண்டு முட்டை. கிளிகள் மாறி மாறி அடைகாப்பதாகத் துரை ஷாஃப்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். “பகல் ஷிப்டு ஆம்பள. ராத்திரி ஷிப்டு பொம்பள. லீவே இல்ல!”

நான் அடிப்பலகையை நினைத்தேன். ராத்திரியில் போய் ஆணி அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடைகாக்கிற பெட்டியில் சுத்தியலால் அடித்தால் கிளி முட்டையை விட்டுவிடும். துரையிடம் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் போயிற்று.

பத்தாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

பெட்டியின் அடி தொங்கிக்கொண்டிருந்தது. வராந்தாவின் சிவப்புத் தரையில் இரண்டு முட்டையும் கிடந்தன. ஒன்றில் மெல்லிய சிவப்பு நரம்புகள், சிலந்தி வலைபோல. நடுவில் ஒரு புள்ளி. அது கண் என்று துரைசானி சொன்னார்.

துரை திட்டவில்லை. குந்தி உட்கார்ந்து ஓட்டுத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் போட்டார். “பரவால்ல,” என்றார். யாருக்குச் சொன்னாரோ. அவருக்கு அந்த வார்த்தை தெரியும் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

பெண் கிளி வாசல் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்தது. அடியில்லாத பெட்டிக்குள் தலையைத் தொங்கவிட்டுத் தரையைப் பார்த்தது. வெளியே வந்தது. மறுபடியும் நுழைந்து பார்த்தது. நான் அங்கே நின்ற நேரத்துக்குள் ஏழெட்டு முறை அப்படிச் செய்தது.

பேத்தமங்களா ஏரிக்கரை

மறுநாள் கையிலிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு விடியற்காலையில் பக்கத்துக் கன்னட ஊரான பேத்தமங்களாவுக்கு நடந்தேன். ஏரிக்கரையில் பட்டுப்போன பழைய மரங்கள் உண்டு, அவற்றில் பச்சைக்கிளிகள் இருக்கும். கிளி தனக்குத் தானே எப்படி வீடு பார்த்துக்கொள்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் மரத்தில் ஏறிப் பொந்துக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தபோது கீழே ஒரு குடியானவர் நின்று கன்னடத்தில் என்ன வேலை என்று கேட்டார். கிளிக்கு வீடு கட்ட வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, கொஞ்சம் வேகமாகவே நடந்து போனார். பொந்துக்குள் இருந்த கிளி விரலைக் கடித்தது. இரண்டு தரப்பும் என்னைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்திருந்தன.

பொந்தில் வாசல் குறுகல், ஆழம் அதிகம். உள்சுவர் வழவழப்பாக இல்லை, படிபோல் கால் வைக்க இடம் இருந்தது. அடியில் மட்கிய மரத்தூள் மெத்தை. அந்தத் தூளை ஒரு கோணி நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன்.

ஆறாவது பெட்டிக்கு ஆச்சா மரம் எடுத்தேன். முட்டுக்கு நிறுத்துகிற கட்டை. இரும்பு மாதிரி இருக்கும், ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். பலகையாக அறுக்கவே மூன்று நாள் ஆயிற்று. மூலைகளை விரல்கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று செருகினேன், வெளியே மூக்குக்குப் பிடியே கிடையாது. வாசலுக்குப் பீப்பாயின் இரும்புப் பட்டையை வளைத்து அடித்து, காலைக் கிழிக்காதபடி அரத்தால் ராவினேன். அடிப்பலகையைக் கீழிருந்து ஆணியால் நிறுத்தவில்லை. நான்கு சுவரிலும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி அதற்குள் செருகி, கீழே இரண்டு சட்டம் கொடுத்தேன். தண்ணீர் வடியச் சின்னத் துளைகள். முட்டையைப் பார்க்கப் பக்கத்தில் ஒரு கதவு. உள்ளே ஏணிச் சட்டங்கள்.

கடைசியாக டைனமைட் பலகையில் நான்கு துண்டு வெட்டி உள்சுவரில் மாட்டினேன். கடிக்கிற ஜாதி கடித்துத்தான் தீரும். கடிப்பதற்கென்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் வீட்டை விட்டுவிடும்.

பெட்டி என் மார்பு உயரம். நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம்.

துரை கேட்டது

துரை பெட்டியைச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் தட்டினார். குனிந்து அடிப்பலகையைப் பார்த்தார். அங்கே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சுரங்கக்காரர். மரவேலை எது, வேஷம் எது என்று தெரியும்.

“இது முன்னாலயே தெரியுமா உனக்கு?”

“தெரியுங்க.”

“எப்பலேர்ந்து?”

“மொதல் பெட்டிலேர்ந்து.”

வராந்தாவில் தைத்துக்கொண்டிருந்த துரைசானி ஊசியை நிறுத்தினார்.

“கை?”

“கைக்கு ஒண்ணியும் இல்லீங்க. எப்பவும் இல்ல. கேஜ்ல கால் வைக்க முடியல, தொர. பயம்.”

அவர் முகம் இன்னும் சிவந்தது. தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் வரிசையாகச் சொன்னார். ஆசிரியர் அதை அச்சிட மாட்டார். முடித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

“குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இங்க,” என்றார். “பொரிச்சா மறுநாள் கீழ. இல்லன்னா ஊருக்குப் போ.”

அன்று மாலை செல்லம்மாவிடம் சொன்னேன். “அந்தோணி அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்றாள். அவளுக்குத் தெரியாத செய்தி எதையும் நான் சொல்லவில்லை என்பது புரிந்தது.

ஞாயிறு அந்தோணி வந்து உட்கார்ந்தான். இலை போட்டாயிற்று. சொன்னேன்.

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

“அஞ்சு மாசம்,” என்றான். “அந்த மடையன் வச்ச முட்டு ரெண்டு வாட்டி என் தல மேல எறங்கிச்சு. ஊட்ல சொல்லல. உன்கிட்டகூட சொல்லல, கை நோவுற மனுசன் கவலப்படுவான்னு. நீ கிளிக்கு ஊடு கட்டிகினு இருந்தியா?”

“பயந்துட்டேன், அந்தோணி.”

“எனக்கு மட்டும் இன்னா? வேலு உனக்கு மட்டும்தான் கூட்டாளியா?”

எழுந்தான். இலையில் கை வைக்கவில்லை. “வர்றேன், தங்கச்சி,” என்று செல்லம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

உள்ளே ஒரு சத்தம்

பெண் கிளி புதுப் பெட்டியை மூன்று வாரம் சந்தேகப்பட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. பிறகு உள்ளே போய் டைனமைட் துண்டுகளைக் கடித்துத் தூளாக்கி மெத்தையோடு சேர்த்தது. இரண்டு முட்டை இட்டது.

நாள்தோறும் காலையில் போய் அடிப்பலகைக்குக் கீழே கையை வைத்துப் பார்ப்பேன். அசையவில்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்வேன். பொரித்தால் என்ன ஆகும் என்பதும் நினைவுக்கு வரும். வேண்டுதலை வாபஸ் தருகிற வழக்கம் மாரியம்மனிடம் இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் துரைசானி உதட்டில் விரல் வைத்து என்னைக் கூப்பிட்டார். பெட்டியில் காதை வைக்கச் சொன்னார். உள்ளே மழுங்கிய ரம்பம் இழுப்பதுபோல ஒரு சத்தம், விட்டு விட்டு. துரை பக்கத்துக் கதவை ஒரு விரற்கடை திறந்தார். மயிரில்லாத, கண் திறக்காத, வயிறு மட்டும் பெருத்த ஒரு பிராணி தலையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அவலட்சணமான ஒன்றை நான் பார்த்ததில்லை. துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு முட்டை பொரிக்கவில்லை. அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

எனக்கும் கண் கலங்கியது. நல்ல வேலை செய்திருக்கிறோம் என்ற நினைப்பு ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு துரை என் பக்கம் திரும்பினார்.

“காலைல ஆறு மணி,” என்றார்.

அந்தப் பெட்டியில் அதற்கப்புறமும் பல வருஷம் குஞ்சுகள் பொரித்தன. துரை ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போனபோது கிளிகளைக் கொண்டுபோனார். கனமாக இருந்ததால் பெட்டியை விட்டுப் போனார்.

கேஜ்

காலையில் செல்லம்மா சோற்று வாளியை என் கையில் கொடுத்தாள். “போய்ட்டு வாங்க,” என்றாள், கடைக்கு அனுப்புவதுபோல. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

ஷாஃப்டில் அந்தோணி நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். ஷாஃப்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். கேஜ் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். அவனும் ஏறினான். நான் நின்றேன். பேர் எழுதுகிறவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டு கையும் வாளியைப் பிடித்திருந்தன.

எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. ஏறியிருந்தேன். கதவு விழுந்தது. மணி அடித்தது. தரை காலுக்கடியில் இறங்கியது. என் வாளியின் மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது. எல்லோருக்கும் கேட்டிருக்கும். யாரும் திரும்பவில்லை.

அப்போது என் வலது பாதத்தின்மேல் ஒரு பாதம் ஏறி அழுத்தியது. அந்தோணியின் பாதம். அவன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். கேஜ் இறங்கிய நேரம் முழுதும், தன் பாரமெல்லாம் அதில் போட்டு மிதித்துக்கொண்டே வந்தான். கோபத்தில் மிதித்தானா, நான் நிற்பதற்காக மிதித்தானா, தெரியாது. வலித்த வலியில் நான் வேறெதையும் நினைக்கவில்லை. கீழே எங்கள் வேலைத் தளத்தில் கேஜ் நின்றதும் காலை எடுத்துக்கொண்டான்.

மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான். முதல் முட்டுக் கட்டை வந்ததும் நின்று, அதை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். யார் நிறுத்திய கட்டை என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. ஆப்பு தப்பான பக்கத்தில் இருந்தது.

“எடுத்து அடி,” என்றான்.

சுத்தியலை வாங்கி ஆப்பைப் பிடுங்கினேன். பயம் அன்றைக்குப் போகவில்லை, அதற்கப்புறம் சுரங்கத்தில் வேலை பார்த்த இருபது சொச்சம் வருஷத்திலும் போகவில்லை. கால் பெருவிரல் வீக்கம் மட்டும் மூன்று நாளில் வடிந்தது.